எதிர்க்கரை

மஞ்சள் முனையால் ஒரே இழுப்பு.
தட்டின் அடியில் நெருங்கி ஒட்டியிருந்த செல்களுக்கு நடுவே
ஒரு தெரு வெறிச்சோடிப் போகிறது.

செவ்வாய்க்கிழமை பிறந்த ஒரு பிள்ளையின்
தொப்புள்கொடியிலிருந்து வந்தவை இவை.
தாயின் பெயர் எனக்குத் தெரியாது; தெரியவும் கூடாது.
குழாயில் நான்கு, ஒன்று, ஏழு என்று மட்டும்.
கொடியின் சிரைக்குள் உப்புநீர் செலுத்தியபோது
கடைசிச் சொட்டு ரத்தம் என் கையுறையில் விழுந்தது.
பிள்ளை அதற்குள் கம்பளிக்குள் சுருண்டு
வீடு போய்ச் சேர்ந்திருக்கும்.

நேற்றிரவு முழுக்கப் பட்டினி போட்டேன்.
காலையில் ஊற்றினேன் வளர்ச்சிக் காரணியை.
தீயணைப்பு வண்டித் தொட்டியில்
ஒரு சிட்டிகை உப்பு. அவ்வளவுதான் அதன் அளவு.

உடம்புக்குள் இதை அனுப்புவது
மூச்சுக்குத் தவிக்கும் திசு.
காற்று எட்டாத மூலையிலிருந்து
இந்தப் பக்கம் வழி போடுங்கள் என்று ஆள் விடுகிறது.
ஆள் வந்து கதவைத் தட்டுகிறான்.
செல்லின் தோலில் ஏற்பிகள் இரண்டிரண்டாய்க் கூடி
ஒன்றுக்கொன்று பாஸ்பேட் பொட்டு வைத்துக்கொள்கின்றன.
பொட்டு கைமாறிக் கைமாறி உள்ளே போகிறது.
அப்புறம் ஒரு பக்கம் மட்டும் பிதுங்கும்.
ஆக்டின் இழைகள் தள்ளத் தள்ள
விரல் நீளும், தரை தடவும், பற்றும்;
வால் இன்னும் பழைய இடத்தில்.
பிறகு அதுவும் பிய்த்துக்கொண்டு வரும்.
கால் இல்லாததற்கு இதுதான் நடை.

குழாய் கிளைக்கும்போது எல்லாம் கிளம்பிவிட முடியாது.
ஒன்று முன்னே போகும்.
பக்கத்திலிருப்பதைத் தொட்டுச் சொல்லும்:
நீ வராதே, நீ பின்னால் குழாயாகு.
எங்கள் வீட்டில் உர்ஹோ முன்னே போனவன்,
பதினேழு வயதில், கப்பலுக்கு.
நான் குவோப்பியோவிலேயே நின்றுவிட்டேன்.
அதற்காக இப்போது ஒன்றும் சொல்வதற்கில்லை.

பத்து நிமிடத்துக்கு ஒரு படம் என்று
கேமராவை ஓட விட்டு
இரண்டரை மணிப் பேருந்தைப் பிடித்தேன்.
கண் மருத்துவமனை வாசலில் நின்றிருந்தான்,
மீன் வாடையோடு,
தொப்பியைக் கையில் கசக்கியபடி.
ஜனவரியில் ஏரிப்பனியில் துளை போட்டு உட்கார்ந்திருந்தபோது
சொன்னானாம் பக்கத்தில் இருந்தவரிடம்:
"எதிர்க்கரை நடுவில் குழிந்திருக்கிறது."

கரை குழியவில்லை.
அவன் இடது விழித்திரைக்கு அடியில்
யாருக்கும் வேண்டாத வழி போட்டுக்கொண்டிருந்தன
இதே சாதிச் செல்கள், இதே குரலைக் கேட்டு.
போட்ட வழியெல்லாம் ஒழுகுகிறது.
குளிர்பெட்டிக் கதவில் ஒட்டிய கட்டத்தாளை
தினமும் ஒற்றைக் கண்ணால் பார்க்கிறான்.
நடுவில் மூன்று கோடுகள் வளைகின்றன.

கையெழுத்துக் கோட்டில் என் விரலை வைத்தேன்.
அதன் ஓரமாக எழுதினான்.
டாக்டர் ரௌஹா மூன்று எண்ணுவதாகச் சொல்லி
இரண்டிலேயே ஊசியை இறக்கிவிட்டாள்.
ஆளைப் பாதிவழியில் மடக்கிக் கட்டும் மருந்து.
காலையில் நான் யாரை அனுப்பினேனோ
அவனையேதான்.

பேருந்தில் கேட்டான்:
"உன் செல்களை விட்டுவிட்டா வந்தாய்?"
"நடந்துகொண்டிருக்கின்றன."
"எங்கே?"
"எதிர்க்கரைக்கு."
சிரித்தான். கட்டுப் போட்ட கண்ணும் சேர்ந்து சிரித்திருக்கும்,
வலித்திருக்க வேண்டும், முகத்தைச் சுளித்தான்.

நள்ளிரவில் அடுக்களை மேசையில்
படங்களை ஓட்டிப் பார்த்தேன்.
தெரு குறுகி, சந்தாகி, முடியாகி,
இரண்டு ஓரமும் தொட்டன.
தொட்டதும் நின்றன. யாரும் நிறுத்தவில்லை.
காரணி இன்னும் தட்டில் இருக்கிறது.
அந்த ஒரு படத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன்.

தொலைபேசி. உர்ஹோதான், தூக்கம் வரவில்லையாம்.
"கண்ணுக்குள் ஒரு காற்றுக்குமிழி கிடக்கிறது, ஐரா.
ரசமட்டத்தில் இருக்குமே, அதுபோல."
நாளைக்குள் கரைந்துவிடும் என்றேன்.
மட்டம் சரியாக இருக்கிறதா என்று கேட்டேன்.
"தெரியவில்லை," என்றான்,
"நான் ஒருக்களித்துப் படுத்திருக்கிறேன்."