பேரு, நட்சத்திரம்

விளக்குப் பலகையில் படத்தைச் செருகி
டாக்டர் காட்டினார்.
நறுக்கிய காலிஃபிளவர் மாதிரித்தான் இருந்தது,
இவுக இலையில் தொடவே தொடாத காய்.

"பின்னால இது பிடரி மடல். பார்வை. பழுதில்லை.
கீழே சிறுமூளை. தள்ளாடாம நடக்கிறாரே, இதோட தயவு.
தண்டு மாதிரி இருக்கே, முகுளம்.
மூச்சையும் நெஞ்சுத் துடிப்பையும்
யாரும் சொல்லாமலே பார்த்துக்கும்."
சொல்லாமலே பார்ப்பதற்கு
வீட்டில் நான் ஒருத்திதான் என்றிருந்தேன்.

பேனா முனை இடது பக்கம் முன்னால் போய் நின்றது.
எட்டணா அளவுக்குக் கறுப்பு.
"முன்மடல். யோசிக்கிறது, அடக்குறது,
வேண்டாம்னு வாசல்லயே தடுக்கிறது எல்லாம் இந்தப் பக்கம்.
வார்த்தை கோக்கிற இடமும் இதுதான்.
நீங்க பேசினா புரியும். அவருக்குச் சொல்ல வராது."

செக்காலை ரோட்டில் முப்பத்தெட்டு வருஷம் இரும்புக்கடை.
கண்ணை மூடிக்கொண்டு
அரை அங்குல போல்ட் எது, முக்கால் எது என்று
விரலால் சொன்ன ஆளுக்கு
மிஞ்சினது ஒரே வார்த்தை:
பற்று.
தண்ணீர் வேணுமா? பற்று.
ஃபேனை நிறுத்தவா? பற்று.
சட்டையில் காப்பி கொட்டினாலும் அதே பற்று.
பேரேட்டில் வரவுப் பக்கத்தை மட்டும்
கரையான் தின்றுவிட்டுப் போனாற்போல.

எண்ணச் சொன்னால் வரும், ஆனால் ஒன்றிலிருந்து.
ஏழு வேண்டுமென்றால்
ஆறு படி ஏறித்தான் ஏழுக்குப் போவாக.
"வரிசையாப் பழகினது வேற இடத்துல கிடக்கும் ஆச்சி,
எண்ணுறது, திட்டுறது, சாமி கும்பிடுறது.
தானா உருண்டு வரும்" என்றாள்
பேச்சுப் பயிற்சிக்கு வரும் ஜெனிஃபர்.
திட்டு மட்டும் இன்னும் உருளவில்லை.
அதற்கு நான் வருத்தப்படவும் இல்லை.

ஆடிச் செவ்வாய். கொப்புடையம்மன் கோயிலில் நெரிசல்.
குருக்கள் தட்டை வாங்கிக்கொண்டு
தலை நிமிராமல் கேட்டார்: "பேரு, நட்சத்திரம்?"
நான் வாயைத் திறக்குமுன்

வயிரவன், பூராடம்.
சிகப்பி, உத்திரட்டாதி.
முத்துராமன், மகம்.
உமையாள், சதயம்.

திக்கல் இல்லை. நாலு மாசத்துக்கு முந்தைய அதே குரல்.

பதினோரு வருஷமாய்
எங்கள் அர்ச்சனையில் மூன்று பேர்தான்.
அவள் தன் விருப்பத்துக்குத் தாலி கட்டிக்கொண்டு
ஓசூர் பஸ் ஏறிய வாரம்
இதே சன்னதியில் நாலாவது விரலை மடக்கியது இவுகதான்.
மடக்கச் சொன்னது எந்த மடல்,
மடக்கினதைக் கேட்காமல் வைத்திருந்தது எந்த மடல்,
அந்தப் படத்தில் எனக்குத் தெரியவில்லை.
வாசலில் நின்று தடுத்தவனும்
எட்டணாக் கறுப்புக்குள் போய்விட்டானோ என்னவோ.

குருக்களுக்கு என்ன தெரியும்?
நாலு பேரையும் அம்மனிடம் ஒப்பித்துக்
குங்குமம் தந்தார்.

வெளியே செருப்பைத் தேடிக்கொண்டிருந்தேன்.
இவுக என் மணிக்கட்டைப் பிடித்து,
"பற்று."
தாகமாக்கும் என்று பாட்டிலை நீட்டினேன்.
வாங்கவில்லை.
ஒன்று, இரண்டு, மூன்று என்று ஏறி
நாலில் நின்றாக.