ஊது

விளக்கைத் தாழ்த்திப் பிடித்துக்கொண்டு
"ஊது" என்றார் அதிகாரி.
டுலூத்தின் மலைச்சரிவில் பனி கொட்டிக்கொண்டிருந்தது.
எக்டால் வீட்டுத் தபால்பெட்டியை மடக்கி
அதன்மேல் ஏறி நின்றது என் வேன்.
கீழே, ஏரி இருக்கவேண்டிய இடத்தில்
ஒன்றுமே இல்லை.

ஊதினேன்.
பூஜ்யம் புள்ளி ஒன்று மூன்று.

விலங்கின் குளிரைக்கூடப் பொறுத்துக்கொண்டேன்.
பெல்ட்டைக் கழற்றி வாங்கிய பிறகு
கால்சட்டையை ஒரு கையால் பிடித்தபடி
நீளமான அந்த வராந்தாவில் நடந்தேனே,
அதுதான்.

காலையில் டேல் வந்து கூட்டிப்போனான்.
"ஒரு தகரப் பெட்டி. யாருக்கும் ஒரு கீறல் இல்ல.
சும்மா ஊதிப் பெரிசாக்காத."
வழக்கறிஞர் ஓஸ்டர்மன்
அறிக்கையின் ஒரு வரியை நகத்தால் தட்டினாள்.
சோதனைக் கருவியின் கடிகாரம்
ஒரு மணி நேரம் பிந்தி ஓடியிருக்கிறது.
"இது போதும். நீங்க மூச்சு விடாதீங்க."

மூச்சு விடாமல் பதினோரு நாள் இருந்தேன்.

வீடுகளின் கணப்பு உலைகளைப் பழுதுபார்ப்பவன் நான்.
மடியில் கருவிப்பெட்டியோடு பஸ்ஸில் போய்
நிலவறைகளில் மண்டியிட்டுச் சுடரைப் பார்ப்பேன்.
நீலமாக நின்றால் நல்லது.
மஞ்சளாக ஆடினால் நஞ்சு கசியலாம்,
வாடை இல்லாத நஞ்சு,
தூங்குகிறவர்களுக்குத் தெரியாது.
அதைச் சொல்லாமல் எந்த வீட்டிலிருந்தும்
நான் படியேறி வந்ததில்லை.

அறிக்கையில் எல்லாம் இருந்தது.
வேனின் நிறம், சாலையின் வழுக்கல்,
நான் சொன்ன கெட்ட வார்த்தை, எழுத்துப்பிழையோடு.
அதற்குப் பதினைந்து நிமிடம் முன்பு
அதே வேனின் பின்னிருக்கையில்
பிரிட்டா தூங்கிக்கொண்டிருந்தது மட்டும் இல்லை.

ஏழு வயது.
அவள் அம்மா வீட்டு வாசலில் தூக்கி இறக்கினேன்.
ஒரு கையுறை இருக்கையிலேயே விழுந்துவிட்டது.
கதவைத் திறந்த கார்லீனிடம்
முகத்தைப் பக்கவாட்டில் திருப்பிக்கொண்டு
குட்நைட் சொன்னேன்.
வாடை அடிக்கக்கூடாதே என்று.

தெரியாமல் நடந்துவிட்டது என்ற வாக்கியம்
பலமுறை நாக்குவரை வந்தது.
திரும்பிய கழுத்து
அதை வெளியே விடவில்லை.

நீதிமன்றத்தில் ஓஸ்டர்மன் என் முழங்கையைத் தொட்டாள்.
"ஒப்புக்கொள்கிறேன்" என்றேன்.
நீதிபதி நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.
அபராதம், வகுப்புகள், தேதிகள்.
அடுத்த பெயரைக் கூப்பிட்டார்கள்.
கனமாக எதையோ தூக்கிவைத்த மாதிரி நின்றிருந்தவனை
"நகருங்க" என்றார் சேவகர்.

சட்டம் கேட்காததை
கார்லீனின் சமையலறையில் சொன்னேன்.
அவள் குழாயை மூடினாள்.
கோட்டுப் பையிலிருந்து கையுறையை எடுத்து
மேசைமேல் வைத்தேன்.
"இத எங்கெல்லாம் தேடினோம் தெரியுமா"
என்றாள். வேறெதுவும் சொல்லவில்லை.

சனிக்கிழமைகளை எடுத்துக்கொண்டாள்.
அது சரிதான் என்று எனக்குத் தோன்ற
மார்ச் ஆகிவிட்டது.

மண் இளகியதும் எக்டால் வாசலில் குழி தோண்டி
புதிய பெட்டியை நட்டேன்.
கம்பம் லேசாகச் சாய்ந்துதான் நிற்கிறது.
அவர் ஜன்னலில் பார்த்துவிட்டுத் திரையை இழுத்தார்.

இப்போது வேனில் ஒரு கறுப்புக் கருவி.
சாவி போட்டால் முதலில் அதற்கு ஊதவேண்டும்.
ஓட்டும்போதும் திடீரென்று கேட்கும்,
சிவப்பு விளக்கில், பள்ளிப் பேருந்தின் பின்னால்.
நேற்று நான் சுத்தமாக ஊதியது
அதன் கணக்கில் இல்லை.

மே மாதம் ஒரு ஞாயிறு, கார்லீன் வாசலில் நிற்க
பிரிட்டா என் பக்கக் கண்ணாடியில் எம்பி எட்டிப் பார்த்தாள்.
"இது என்னப்பா?"
நான் குடிச்சிருக்கேனான்னு பாக்கும்.
"குடிச்சிருந்தா?"
வண்டி கிளம்பாது.

கொஞ்சம் யோசித்தாள்.
"அன்னிக்கு ஏன் கிளம்பிச்சு?"

கருவி கீச்சிட்டது,
மறுபடி கீச்சிட்டது.
குழாயை உதட்டில் வைத்திருந்தேன்.
மூச்சு வரக் காணோம்.