சொந்த மரம்

பிப்ரவரியில் மேசா நகரத்துக் கொல்லைகளில்
கிரேப்ஃப்ரூட் காய்த்துத் தள்ளும்.
வேலிக்கு இந்தப் பக்கம் ஒரு கூடை, அந்தப் பக்கம் ஒரு கூடை,
தபால்காரருக்குக்கூட ஒரு பை.
மருந்துக்கடை ஜன்னல் வழியே எனக்கு
மூன்று வாரமாய்த் தருகிறார் ரூபென் அர்மென்டா.
"சர்க்கரையே வேண்டாம், சென். அப்படியே தின்னலாம்."

செண்பகவல்லி என்றுதான் இருந்தேன்.
வந்த வருடம் பாதியானேன், மறு வருடம் அதிலும் பாதி.
மருந்துக்கு இதை அரைவாழ்வுக் காலம் என்போம்.
ஐந்து முறை பாதியானால்
உடம்பில் இல்லையென்றே கணக்கு.

இன்று பை இல்லை.
கவுண்டரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்.
தொடை இரண்டும் கல்லாய் வலிக்கிறதாம்.
முப்பது வருடம் பேருந்து ஓட்டிய கால்,
ஒரு தைலம் கொடு, போதும் என்கிறார்.
"சிறுநீர்?"
பின்னால் நிற்கும் பெண்ணைப் பார்த்துவிட்டு, மெதுவாக,
"கோலா நிறம்."

கொழுப்புக்கு இரவில் ஒன்று, நாற்பது மில்லிகிராம்.
மறந்து இரண்டு போடவில்லை.
கொட்டி எண்ணினேன், சரியாக இருந்தது.
அளவுக்கு மிஞ்சினால் என்று தொடங்குகிறவர்கள்
எங்கே அளப்பது என்று சொல்வதில்லை.
உள்ளங்கையிலா, ரத்தத்திலா?

குடல் சுவரில் ஒரு நொதி,
சுங்கச்சாவடிக்காரன் மாதிரி.
வரும் மாத்திரையில் பெரும்பங்கை அங்கேயே உடைத்துவிட்டு
மிச்சத்தைத்தான் கல்லீரலுக்கு விடுவான்.
நாற்பது என்று எழுதுவதே
அவன் பிடித்துக்கொள்வதையும் சேர்த்துத்தான்.
இந்தப் பழத்தின் சாறு அவனை முடித்துவிடும்.
புது ஆள் வேலைக்கு வர இரண்டு மூன்று நாள்.
ரூபென் தினமும் காலையில் இரண்டு பழம்.
சாவடி திறந்தே கிடந்திருக்கிறது.

"புட்டியில் மஞ்சள் சீட்டு ஒட்டியிருந்தேனே?"
"படித்தேன். கடையில் விற்பதைச் சொல்கிறாய் என்று நினைத்தேன்.
இது என் சொந்த மரம், சென்.
மருந்தே அடிப்பதில்லை."

அவசரப் பிரிவுக்குச் சொல்லியாயிற்று.
கரைந்த தசை சிறுநீரகத்தில் அடைப்பதற்குள்
நரம்பு வழியே உப்புநீர் ஏற வேண்டும்.
மகள் காரோடு வரும்வரை
ரத்த அழுத்தம் பார்க்கும் நாற்காலியில் உட்காரவைத்தேன்.

"மரத்தை வெட்டணுமா?"
"வேண்டாம். மாத்திரையை மாற்றச் சொல்கிறேன்."

மூன்று வாரம்.
ஒரு கையால் புட்டியைக் கொடுத்து
மறு கையால் பையை வாங்கினேன்.
ரொம்ப நன்றி என்றேன்.
நீங்களும் இதைத்தான் தின்கிறீர்களா
என்று கேட்க எத்தனை நொடி ஆகியிருக்கும்?

மேசைக்கடியில், என் சாப்பாட்டுப் பைக்குள்,
போன வாரத்துப் பழம் ஒன்று
இன்னும் வாசம் வீசிக்கொண்டிருக்கிறது.