எடைமேடை, இரவு ஒன்று நாற்பது

மூன்று முறை அணைக்க வேண்டும்.
புள்ளிகள் வட்டம் போடத் தொடங்கும்போதே
பொத்தானை அழுத்திப் பிடித்து
ஒன்று.
இரண்டு.
மூன்றாவது முறைதான் அதற்குச் சந்தேகம் வரும்
தனக்கு ஏதோ ஆகிவிட்டதென்று.
எனக்கு அதைவிடக் கூடுதலாக ஆனது; அது வேறு கதை.

வெளியே ஒன்பது லாரி மரவள்ளி.
அயோத்தியாப்பட்டணம் தாண்டி
வாழப்பாடிப் பக்கம் வால் நீண்டு நிற்கிறது.
பிடுங்கின கிழங்கு காத்திருக்காது.
விடிந்து வெயில் பட்டால் பாயிண்ட் குறையும்,
மில்லில் விலை பேசும்போது
அந்தக் குறைவு என் தலையில் விழும்.
மாதையண்ணன் ஜன்னலில் முகம் வைத்து
"கையில எழுதிக் குடு கண்ணு" என்கிறார்.
கைச்சீட்டை மில்லில் வாங்க மாட்டார்கள்.
அது அவருக்கும் தெரியும்.
முதலாளி அர்த்தநாரி போனை எடுக்கவில்லை.
மெக்கானிக் செவ்வாய்ப்பேட்டையில் தூங்குகிறான்.

நீலத்திரை வந்தது.
ஏதாவது ஒன்றைத் தேர்ந்தெடுக்கவும் என்றது,
தாலுகா ஆபீஸ் கவுண்டரின் நிதானத்தில்.
தொடர்க என்றால் அதே கறுப்பு, அதே வட்டம்.
பழுது பார் என்றேன்.
'உங்கள் கணினியைப் பரிசோதிக்கிறோம்.'
பன்மையில் பேசுகிறது. உள்ளே எத்தனை பேரோ.

இருபது நிமிடம்.
குப்பனூர்ப் பாதையில் மலையிலிருந்து
ஒரு வண்டியின் விளக்கு இறங்கிக்கொண்டிருந்தது,
வளைவில் மறைந்து, வளைவில் முளைத்து.
திரையில் சுற்றும் புள்ளிகளைப் போலில்லை,
அதற்குப் போகிற இடம் தெரிந்திருந்தது.

'சரிசெய்ய இயலவில்லை.'
"என்னக்கா சொல்லுது?" என்றான் கிளீனர் சடையன்.
"மன்னிப்புக் கேக்குது."
"அதுக்கு நாம என்ன பண்ண?"

பாதுகாப்பு முறையில் போட்டுப் பார்த்தேன்.
திறந்துகொண்டது, பெருத்த எழுத்துகளோடு,
கண்ணாடி தொலைத்தவருக்கு வரைந்ததைப் போல.
எடைக்காட்டியின் கம்பியை மட்டும்
யாரென்றே தெரியாது என்றது.
எடை தெரியாத பாதுகாப்பை வைத்துக்கொண்டு
நான் என்ன செய்ய.

மிச்சம் ஒரே வழி, பழைய நிலைக்குத் திரும்புதல்.
பட்டியலில் ஒரே ஒரு தேதி:
பிப்ரவரி பதினொன்று, மாலை நாலு பதினேழு.
அதற்குப் பிறகு சேர்த்த மென்பொருள்கள் போய்விடும்,
உங்கள் கோப்புகளுக்கு ஒன்றும் ஆகாது என்று
உறுதி கொடுத்தது.
பதினொன்றாம் தேதி நாலு பதினேழுக்கு
இதே நாற்காலியில் நான்
எதற்கோ சிரித்துக்கொண்டிருந்திருப்பேன்.
பன்னிரண்டாம் தேதிதான் எல்லாம்.

சம்மதமா என்று இரண்டு தடவை கேட்டது.
தொடங்கிவிட்டால் நடுவில் நிறுத்தக் கூடாது என்றது.
கரண்ட் மட்டும் போகாமல் பார்த்துக்கொள் என்று
கோட்டை மாரியிடம் ஒரு வார்த்தை சொல்லிவைத்து
ஆம் என்றேன்.

மூன்றரைக்கு எழுந்தது.
கடவுச்சொல் கேட்டது.
போட்டேன். தவறு.
நிறுத்தி நிதானமாகப் போட்டேன். தவறு.
ஹாரன் ஒன்று அலறி ஓய்ந்த பிறகுதான் உறைத்தது,
அது இன்னும் பிப்ரவரி பதினொன்றில் இருக்கிறது.
நான் மாற்றினது அதற்குத் தெரியாது.

பழைய சொல் ஒரு பெயர்,
பின்னால் ஒரு பைக்கின் நம்பர்.
ஐந்து வாரமாக வாயால் சொல்லாதது.
விரல்கள் தேடவேயில்லை.
ஒவ்வொரு எழுத்தும் கறுப்புப் பொட்டாகி
யாருக்கும் தெரியாமல் வரிசையில் நின்றது.
நல்வரவு என்றது எந்திரம்.
ஏன் மாற்றினாய் என்று கேட்கவில்லை.

பிரிண்டர் முதல் தாளைக் கசக்கித் துப்பியது.
இரண்டாவதில் ஒழுங்காக வந்தது.
லாரி மேடையேறியது, தகடு முனகியது,
சிவப்பு எண்கள் தள்ளாடிக்கொண்டிருந்தன.
மைக்கை எடுத்துக் கேட்டேன்,
ஒரு ராத்திரிக்கு நூறு தடவை கேட்பதுதான்:
"ஆளோடவா, ஆளில்லாமலா?"

மாதையண்ணன் கதவைத் திறந்து குதித்தார்.
எண் எழுபது கிலோ இறங்கி
நின்றது.