ஒன்பதாவது சுவிட்ச்

பன்னிரண்டு சுவிட்சுகள்.
பதினொன்றின் கீழே
பல் டாக்டர் ரிவாலின் பொடி எழுத்து:
திசைகாட்டி விளக்கு. தண்ணீர் மோட்டார். வயர்லெஸ்.
அடித்தட்டு பம்ப், இதை ஒருபோதும் அணைக்காதே.
ஒன்பதாவதன் கீழே மட்டும்
ஒட்டிக் கிழித்த பசையின் மஞ்சள்.

போட்டால் ஒன்றும் நடக்காது.
மீட்டரின் முள் மட்டும்
ஒரு மயிரிழை நகரும்.
யாரோ உட்கார்ந்து நம் பேட்டரியைக்
குடிக்கிறார்கள் என்றான் குல்வென்.

கமரே துறைமுகத்தில் மார்ச் மாத மழை.
படகு கரையில், முட்டுக்கட்டைகளின் மேல்.
டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு
அந்தச் சிவப்பு வயரின் பின்னாலேயே
ஊர்ந்து போனேன்.

படகோடு சாயாமல் தான்மட்டும் நிமிர்ந்து நிற்கும்
அடுப்பின் அடியில் போனது.
பச்சை பூத்த கடல்வால்வைச் சுற்றிப் போனது.
வால்வின் கழுத்தில், நூலில் கட்டி,
பைன் மரத்து ஆப்பு ஒன்று தொங்கியது;
வால்வு உடைந்தால் ஓட்டையில் அடிக்க.
பதினைந்து வருடமாக நனையாமல்
இன்னும் பிசின் மணத்தோடு.
அதைப் பார்த்ததும்
ரிவாலை எனக்குக் கொஞ்சம் பிடித்துப்போனது.

எஞ்சினைத் தாண்டி,
சுக்கான் கம்பி ஓடும் கப்பியில் என் முடி சிக்கி,
அமரத்துப் பெட்டியில் நங்கூரக் கயிற்றுச் சுருளுக்குப் பின்னால்
வயர் பிசினுக்குள் நுழைந்து
மறைந்துவிட்டது.
அதற்கப்பால் படகே இல்லை.

லியோனுக்கு போன் போட்டேன்.
"ஒன்பதா?" என்றார் ரிவால்.
பின்னணியில் யாரோ பாத்திரம் கழுவினார்கள்.
"ரெண்டு ஆம்பியர் ஃப்யூஸ் போதும் அதுக்கு."
வைத்துவிட்டார்.

பழைய பெயரை நான்தான் சுரண்டினேன்.
அமரத்தில் நீல எழுத்தில் எனோரா.
யார் என்று விற்கும்போது அவர் சொல்லவில்லை,
வாங்கும்போது நாங்கள் கேட்கவில்லை.
உப்புத்தாள், இரண்டு பூச்சு வெள்ளை.
பெயர் மாற்றினால் கடலுக்குக் கோபம் வருமென்று
குல்வென் ஒரு போத்தல் சைடரை ஊற்றினான்,
மலிவானதைத்தான்.
புதுப் பெயரின் எழுத்துகள்
ப்ரெஸ்ட் கடையில் "அடுத்த வாரம்", "அடுத்த வாரம்".
ஜூனில் பெயரில்லாமலே புறப்பட்டோம்.

இரண்டாம் இரவு காற்று செத்தது.
பாய் தொளதொளத்தது, கப்பிகள் முனகின.
இருட்டில் திசைகாட்டி விளக்கைத் தேடிய கை
எதையெதையோ அழுத்தியது.
எஞ்சின் சாவியைச் செருகினேன்.

அப்போது சானல் பதினாறில்,
முரட்டுக் குரலில்:
எனோரா, எனோரா, எனோரா.

சுற்றிலும் பார்த்தேன்.
பச்சைக்குக் கீழே வெள்ளை,
இழுவலைப் படகு ஒன்று எங்களைக் கடந்துகொண்டிருந்தது.
வேறு யாரும் இல்லை.

"பெயருக்கு விளக்குப் போட்டிருக்கிற பாய்ப்படகே,
உன்னைத்தான்.
பின்பக்கம் ஒரு கயிறு தண்ணீரில் இழுபடுகிறது.
எஞ்சினைப் போட்டுத் தொலைக்காதே."

குல்வென் குப்புறப் படுத்து
அமரத்துக்கு வெளியே தலையைத் தொங்கவிட்டான்.
நெடுநேரம் அப்படியே கிடந்தான்.
விளிம்பின் அடியில்
சுண்டுவிரல் நகமளவு பல்பு ஒன்று எரிகிறதாம்.
பக்கவாட்டு வெளிச்சத்தில்
என் இரண்டு பூச்சு வெள்ளைக்கும் அடியிலிருந்து
எழுத்தின் ஓரங்கள்
நிழல் விழுந்து நிற்கின்றனவாம்.
கீழே, முன்பாயின் கயிறு,
ப்ரொப்பெல்லருக்கு ஒரு முழம் தள்ளி.

சாவியை உருவிச் சட்டைப்பையில் போட்டேன்.
மைக்கை எடுத்தேன்.
முதலில் சொந்தப் பெயரைச் சொல்ல வேண்டும்,
அது வயர்லெஸ் விதி.
பொத்தானை அழுத்திவிட்டு
ஒரு நொடி
அலையின் சத்தத்தைத்தான் அனுப்பிக்கொண்டிருந்தேன்.

"எனோரா பேசுகிறது," என்றேன்.
"கேட்டது. நன்றி."

குல்வென் சிரிக்கவில்லை.
கயிற்றைக் கைமாற்றிக் கைமாற்றி
உள்ளே இழுத்துக்கொண்டிருந்தான்,
தண்ணீர் சொட்டச் சொட்ட.