அரை நொடி

பீச் ரோட்டில் ஆறாம் மாடி அரங்கு.
நாற்பது நாற்காலி. முப்பத்தேழு எகிப்தியர்,
ஒரு சீன மாணவி,
மழைக்கு ஒதுங்கிய ஒருவர்,
மீதி ஒன்றில், வசன வரிகளை ஓட்டும் நான்.

அவர்கள் சிரித்த பிறகுதான்
எழுத்து திரைக்கு வருகிறது.
பொத்தானை எத்தனை சீக்கிரம் அழுத்தினாலும்
கெய்ரோ முந்திக்கொள்கிறது.
அரை நொடி.

பாதியில் என் மடிக்கணினி உறைந்தது.
படம் ஓடியது. எனக்கு வியர்த்தது.
முப்பத்தேழு பேருக்கு அது தெரியவே இல்லை.

மொட்டை மாடியில் அவள் துணி காயப்போடுகிறாள்,
கீழே தெருவில்
எவனோ எதையோ கூவி விற்கிறான்.
கப்பல் பட்டறைப் பொறியாளர் வகீத்
அந்தக் கூவலுக்கு அழுதார்.

என் பட்டியலைப் புரட்டினேன்.
அங்கே வரியே இல்லை.
மொழிபெயர்த்தவருக்கு அது வெறும் தெருச்சத்தம்.

இடைவேளையில் கேட்டேன்:
என்னதான் விற்றான்?
"கிழங்கு. சுட்ட சர்க்கரைவள்ளி."
கோப்பி ஓ ஆறிக்கொண்டிருந்தது,
மூக்கைச் சிந்திவிட்டுச் சிரித்தார்.
"எனக்குப் பிடிக்கவே பிடிக்காது, தெரியுமா?"

நாளை மறுகாட்சி.
நாற்பத்தோராவது நிமிடத்தில்
ஒரு வரி சேர்த்துவிட்டேன்:
கிழங்கு, சுடச்சுடக் கிழங்கு.

அந்த மாணவி மறுபடி வந்தால்
அவளுக்கும் பசிக்கட்டும்.