தொங்கல் கணக்கு

பம்பலப்பிட்டியில் கொத்துரொட்டிக் கடைக்கு மேலே
மூன்றாம் மாடி.
கீழே தகடு தட்டத் தொடங்கினால் மணி ஆறரை.
இருபத்தாறு பேர். இருபத்தைந்து பேருக்கு
என் வயதில் பாதி.
ருஷ்தி சேரும் என்னைவிட எட்டு வயது இளமை;
அக்கா என்பதா மிஸ் என்பதா என்று தடுமாறி
"பின்வாங்கு" என்று கூப்பிடுவார்.
நான் எழும்புவேன்.

செவ்வாய் கணக்கீடு. வியாழன் வணிகச் சட்டம்.
வெள்ளிகளில் தலையிடி.

வியாபாரம் வேறு, வியாபாரி வேறு.
கல்லாவில் காசெடுத்து நீ குடித்த பிளேன்ரீக்கும்
பற்று எழுது.
பற்று என்று அவர் சொன்னபோது
யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

வியாழன்: முனைவு, ஏற்பு.
மௌனம் ஏற்பு ஆகாது.
மௌனம் சம்மதம் என்று சொல்லித்தான்
என் அக்காவைக் கட்டிக்கொடுத்தார்கள்.

மூன்றாவது வியாழன்
மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டம்,
ஆயிரத்து எண்ணூற்று நாற்பது.
வெள்ளைக்காரன் தைத்தது, இன்னும் கிழியவில்லை.
மூலதனம் ஆயிரம் ரூபாவுக்கு மேல் என்றால்
பங்குடைமை எழுத்தில் இருக்க வேண்டும்,
கையொப்பத்தோடு.
"ஆயிரம் ரூபா, கீழே ஒரு கோழிக்கொத்துக்கே காணாது, சேர்"
என்றான் ஒரு பெடியன்.
வகுப்பு சிரித்தது.
என் பேனை நின்றது.

வெள்ளவத்தைச் சந்தைக்குப் பின்னால்
எட்டடிக்குப் பத்தடி.
ஃபெலிசியா விற்ற காப்புச் சோடி,
நான் கழிவு போய் எடுத்த சீட்டு,
சேர்த்து மூன்று லட்சத்து நாற்பது.
எழுத்தா?
சுவரில் சோக்கட்டியால் அவள் கீறிய
யாருடையதோ ரவிக்கையின் கழுத்து வெட்டு.
அவ்வளவுதான் ஆவணம்.
கறண்ட் இல்லாத இரவுகளில்
ஒருத்தி மெழுகுதிரி பிடிக்க ஒருத்தி கொக்கி தைப்பாள்.
லாபத்தைப் பாதியாக்க
ஒரு சட்டை மடிக்கிற நேரம் போதும் எங்களுக்கு.

பெற்றோல் வரிசை சந்தி தாண்டிச் சந்தி நீண்ட வருடம்
அவள் குவைத் போனாள்.
மெஷினைப் பார்த்துக்கொள் என்றாள்.
பார்த்துக்கொண்டேன்.
பிறகு விற்றேன். தொண்ணூற்று இரண்டாயிரம்.
இந்த வகுப்புக் கட்டணம் அதில்தான்.
இந்தக் கல்குலேட்டரும்.

சட்டத்தின் கண்ணில் நாங்கள் பங்காளிகளே இல்லை.
அவள் புதுக்கடைப் படிகளில் ஏறி
எந்தக் கறுப்புக் கோட்டைப் பிடித்தாலும்
எழுத்து எங்கே என்றுதான் கேட்பார்கள்.
வியாழன் இரவு, 100 ஆம் இலக்க பஸ்ஸில்,
நான் முழுசாகத் தப்பியவள்.
ஜன்னல் இருக்கையும் கிடைத்தது.

ஆனால் செவ்வாய் வந்துவிடுகிறது.
பரீட்சை மீதி பொருந்தவில்லை.
அகப்படாத தொகையைத்
தொங்கல் கணக்கில் போடுங்கள், என்றார் சேர்,
பிழை தெரியும் மட்டும் அது அங்கே கிடக்கட்டும்.
எவ்வளவு காலத்துக்கு, சேர்?
கேட்டது பின்வாங்கு.
அவர் மணிக்கூட்டைப் பார்த்தார்.

நாற்பத்தாறாயிரம்.
கொப்பியின் பின்மட்டையில், செலவுப் பக்கம்,
ஃபெலிசியா என்று எழுதினேன்.
தவணை, வட்டி, ஒன்றும் எழுதவில்லை.
எழுதினால் அது ஒப்பந்தமாகிவிடும் என்று
எனக்கு இப்போது தெரியும்.

நேற்று இரவு அவளின் குரல்பதிவு, பதினொரு செக்கன்.
"மெஷினுக்கு எண்ணெய் விடுறியாடி?"
பின்னால் யாரோ வீட்டுப் பிள்ளை அழுகிறது.
கேட்டுவிட்டேன். நீலம் விழுந்துவிட்டது.
மௌனம் ஏற்பு ஆகாது, சரி.
மறுப்பு ஆகுமா?
பாடநூலின் அந்த அத்தியாயத்தை
இரண்டு முறை புரட்டினேன்.

கடற்கரை ரயில் கடந்துபோகக்
கட்டிடம் கொஞ்சம் நடுங்குகிறது.
வினாத்தாள் கை மாறிக் கை மாறிப்
பின்வாங்குக்கு வருகிறது.
நான்காம் வினா கட்டாயம்:
அ என்பவரும் ஆ என்பவரும் வாய்மொழியாக
ஒரு வியாபாரம் தொடங்கினர்.
பின்னர் அ வெளிநாடு சென்றார்.
ஆ-வுக்கு ஆலோசனை கூறுக. பத்துப் புள்ளிகள்.

விடை தெரியும்.
முதலில் சுட்டெண்ணை எழுதுகிறேன்,
ஒவ்வொரு இலக்கமாக,
மெதுவாக.